பிள்ளைகள் இல்லாத புதன்கிழமையில் அளந்த சத்தம்

அனுப்புநர்:
யோஸ்டெய்ன் ஆர்னெவிக் (வயது 74),
ஓய்வுபெற்ற கப்பல் எந்திர அறைப் பணியாளர்,
தற்போது மூன்றாம் வகுப்பு மாணவர், பதிவேட்டு எண் 19,
ஸ்கார்வோய் தொடக்கப் பள்ளி,
ஸ்கார்வோய் தீவு.

பெறுநர்:
திருமதி மாரித் எல்லிங்சன் அவர்கள்,
பள்ளி முறையீடுகள் அலுவலர்,
மாவட்ட ஆளுநர் அலுவலகம்.

பொருள்: ஸ்கார்வோய் தொடக்கப் பள்ளி – மூன்றாம் வகுப்பு அறையின் இரைச்சல் – பிள்ளைகள் இல்லாத நாளில் அளக்கப்பட்டது – அதன் பேரில் மாணவி இல்வாவை எதிர்க்கரைப் பள்ளிக்கு மாற்ற முடிவு – முடிவை நிறுத்தி, பிள்ளைகள் இருக்கும்போது மறுபடி அளக்க வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: 1. ஸ்கார்வோய் ஊராட்சியின் கடிதம், நாள் 13.02.2026.
2. ஒலி அளவீட்டு அறிக்கை, 31 பக்கங்கள், சிறப்பாக 27ஆம் பக்கம்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

அலுவலகத்துக்கு எழுதும்போது 'வணக்கம் மாரித்' என்று பெயர் சொல்லித் தொடங்கினால் போதும், இப்போது எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று என் ஆசிரியை தோரில் சொன்னார். ஆனால் இது நான் என் கையால் எழுதும் முதல் மனு. எழுபத்து நான்கு வருடம் காத்திருந்துவிட்டு இவ்வளவு சுருக்கமாகத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. பிழை திருத்தித் தருவதாகவும் தோரில் சொன்னார். எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தினால் போதும் என்று கேட்டுக்கொண்டேன். மற்ற பிழைகளுக்கு நானே பொறுப்பு.

1. நான் எப்படி மூன்றாம் வகுப்பில் இருக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் தாங்கள் இதை யாரோ செய்யும் வேடிக்கை என்று ஒதுக்கிவிடக் கூடும்.

எனக்குச் சிறு வயதிலிருந்தே இடது காது கேட்காது. வலது காது பாதி கேட்கும். இதே பள்ளியில்தான் படித்தேன். அப்போது எங்கள் ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்துவார். அவருடைய முதுகு எனக்கு இன்றும் நன்றாக நினைவிருக்கிறது. அவர் சொன்னதில் ஒன்றும் நினைவில்லை, ஏனென்றால் ஒன்றும் கேட்கவில்லை. எட்டு வருடத்தில் என் பெயரை எழுதக் கற்றுக்கொண்டு வெளியே வந்தேன். பதினைந்து வயதில் கப்பலின் எந்திர அறைக்குப் போனேன். அங்கே யாருக்குமே எதுவும் கேட்காது. அதனால் நாற்பத்தொரு வருடம் எல்லோருக்கும் சமமாக இருந்தேன்.

சென்ற ஆண்டு வசந்த காலத்தில் எனக்குக் காது கேட்கும் கருவிகள் கிடைத்தன. பெரியவர்களுக்கான வாசிப்பு வகுப்பிலும் சேர்ந்தேன். அதில் இரண்டு பேர்தான் இருந்தோம். மற்றவர் ஓட்டுநர் உரிமம் கிடைத்ததும் நின்றுவிட்டார். ஒருவரை வைத்து வகுப்பு நடத்த ஊராட்சியால் முடியாது. தலைமையாசிரியர் எய்வின்தான் வழி சொன்னார். "மூணாம் வகுப்புல கடைசி வரிசையில ஒரு எடம் காலியா இருக்கு, யோஸ்டெய்ன். ஆனா அந்த நாற்காலியில உனக்கு முழங்கால் மடங்குமான்னுதான் தெரியல." மடங்கவில்லை. ஆசிரியர் அறையிலிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். தீயணைப்புப் பயிற்சியின்போது தலைகளை எண்ண வேண்டும் என்பதால் என் பெயரையும் பதிவேட்டில் சேர்த்தார்கள். ஆகஸ்டு முதல் நான் பத்தொன்பதாம் எண்.

இப்போது நான் படிக்கிறேன், அம்மையீர். எல்லாவற்றையும் படிக்கிறேன். ஷாம்பு புட்டியைப் படித்தேன், அது கண்ணில் படக் கூடாதாம். பக்கத்து வீட்டு வாயிலில் இருபத்திரண்டு வருடமாகத் தொங்கும் பலகை 'நல்வரவு' அல்ல, 'உள்ளே வராதீர்கள்' என்று படித்து, இத்தனை நாள் போய்வந்ததற்கு அவர்களிடம் வருத்தம் தெரிவித்தேன். என் மனைவி பெர்கித் நாற்பத்தாறு வருடமாக எனக்கு வரும் கடிதங்களைப் படித்துக் காட்டினாள். என் அக்காவின் பழைய கடிதங்களை இப்போது நானே எடுத்துப் படித்தேன். பெர்கித்தைப் பற்றி அக்கா எழுதியிருந்த பகுதிகள் எல்லாம் எனக்குப் புதியவை.

இதை எழுதக் காரணம், எந்தக் காகிதத்தையும் இப்போது நான் சுருக்கிப் படிப்பதில்லை என்பதைத் தாங்கள் அறிய வேண்டும் என்பதே.

2. கடைசி வரிசையில் எனக்கு அடுத்த இடம் இல்வாவுடையது. வயது ஒன்பது. இரண்டு காதிலும் கருவி, நீல நிறம், மினுமினுப்பு வைத்தது. முன் வரிசையில் அவளை உட்கார வைத்தால் முதுகுக்குப் பின்னால் யார் பேசுகிறார்கள் என்று தெரியாமல் திரும்பித் திரும்பிக் கழுத்து வலிக்கிறது. அதனால் எல்லோருடைய முகமும் பக்கவாட்டிலாவது தெரியும் கடைசி மூலையை அவளே தேர்ந்தெடுத்தாள். நானும் அப்படித்தான் கப்பல் உணவறையில் இடம் பிடிப்பேன்.

காது நன்றாகக் கேட்பவர்கள் இந்தக் கருவியைக் கண்ணாடி மாதிரி நினைக்கிறார்கள். மாட்டியதும் சரியாகிவிடும் என்கிறார்கள். கருவி எல்லாவற்றையும் பெரிதாக்கும். தோரிலின் குரலையும் பெரிதாக்கும், நாற்காலி இழுபடுவதையும் பெரிதாக்கும். எது பாடம், எது நாற்காலி என்று அதற்குத் தெரியாது. எங்கள் வகுப்பில் நாற்காலிகளுக்கு இரும்புக் கால். தரை வழுவழுப்பானது. கூரை உயரமானது, சொன்னதைத் திருப்பிச் சொல்லும். சுவருக்கு அந்தப் பக்கம் ஈர உடைகளை உலர்த்தும் அலமாரி நாள் முழுக்க உறுமுகிறது. பதினெட்டுப் பிள்ளைகள். நல்ல பிள்ளைகள், அடங்காதவர்கள் அல்ல. ஆனால் பதினெட்டு நல்ல பிள்ளைகள் பென்சில் பெட்டியைத் திறக்கும் சத்தம் நங்கூரச் சங்கிலி இறங்குவது போல இருக்கிறது. முதல் நாள் நான் எழுந்து நின்று ஜன்னல் வழியாகத் துறைமுகத்தைப் பார்த்துவிட்டேன்.

இல்வாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வகுப்பில் எல்லோரும் சிரித்தால், அவள் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, பிறகு சிரிப்பாள். எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் சிரிப்பாள். வேறு யாரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் அறுபது வருடம் அப்படிச் சிரித்தவன், ஆகவே உடனே தெரிந்தது.

3. ஆகஸ்டு மாதமே தோரில் ஊராட்சிக்கு எழுதி உதவி கேட்டார். ஒலி அளக்க ஓர் அலுவலரை அனுப்புவதாக ஊராட்சி பதில் சொன்னது. அவர் செப்டம்பரில் வந்து போனார். நாங்கள் யாரும் அவரைப் பார்க்கவில்லை. அக்டோபரில் பள்ளிக்கு ஒரு பக்கச் சுருக்கம் வந்தது. அறை 'மிக நன்று' என்றும், நடவடிக்கை எதுவும் தேவையில்லை என்றும் அதில் இருந்தது. எய்வின் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "இந்த அறையா?" என்று கேட்டார்.

4. ஊராட்சி செய்யாததை நாமே செய்வோம் என்று அக்டோபர் 25, சனிக்கிழமை பெற்றோர்கள் கூட்டுவேலை நாள் வைத்தார்கள். வேலை என்னவென்றால், டென்னிஸ் பந்தில் கத்தியால் கீறல் போட்டு, நாற்காலிக் கால்களில் மாட்டிவிடுவது. நாற்காலி பத்தொன்பது, கால் எழுபத்தாறு. எங்கள் தீவில் டென்னிஸ் ஆடுபவர் யாரும் இல்லை. சிந்ரே என்ற மாணவனின் தந்தை எதிர்க்கரையிலிருந்து மூன்று சாக்கில் பழைய பந்துகளைக் கொண்டுவந்தார். கீறல் போடும் வேலை எனக்கு. பெர்கித் வாஃபிள் சுட்டாள். தீவில் உள்ள நாய்கள் அனைத்தும் அன்று பள்ளிக்கு வந்திருந்தன. அதற்கு முன் அவற்றுக்குப் பள்ளியில் ஆர்வம் இருந்ததில்லை.

அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை நடந்ததை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். தோரில், "நாப்பத்திரண்டாம் பக்கத்தத் திறங்க" என்றார். சிந்ரே வழக்கம் போல வாய்க்குள் முணுமுணுத்தான். "என் புத்தகம் இன்னும் எழுந்திருக்கல." வகுப்பு சிரித்தது. இல்வாவும் சிரித்தாள். அவர்களுக்குப் பிறகு அல்ல, அவர்களோடு.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "மூணு வருஷமா இவன் இதத்தான் சொல்லிட்டிருந்தானா?" என்று கேட்டாள். "நான் ஏதோ பெருசா நெனச்சுட்டேன்."

இரண்டு வாரம் அப்படி இருந்தது. அந்த இரண்டு வாரத்தில் இல்வா பதினான்கு முறை கை தூக்கினாள். தோரில் குறித்து வைத்திருக்கிறார். நான் ஒன்பது முறை தூக்கினேன். அதில் இரண்டு முறை கழிப்பறைக்கு.

5. நவம்பர் 7ஆம் தேதி கட்டடப் பராமரிப்பாளர் ஒட்வார் ஒரு தள்ளுவண்டியோடு வந்தார். ஒட்வாரும் நானும் வெள்ளிக்கிழமைதோறும் சீட்டாடுகிறவர்கள். நடந்த பேச்சு இது:

"யோஸ்டெய்ன், எங்கிட்ட கோவிச்சுக்காதப்பா. பந்தெல்லாம் கழட்டச் சொல்லி மேல இருந்து வந்திருக்கு. அதுக்குத் தீப்பிடிக்காதுங்கற சான்றிதழ் இல்லயாம்."

"நாற்காலிக்கு இருக்கா?"

"நாற்காலிக்கு இருக்கு. பந்து போட்ட நாற்காலிக்கு இல்ல."

"அப்ப எங்களுக்கு இருக்கா?" என்று சிந்ரே கேட்டான். ஒட்வார் நேர்மையான மனிதர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கேட்டுச் சொல்றேன்" என்றார். இதுவரை பதில் வரவில்லை. இந்த மனுவின் முக்கியக் கோரிக்கை அதுவல்ல என்றாலும், தங்களுக்குத் தெரிந்தால் சொல்லவும்.

பந்துகள் தற்போது நாய்களிடம் உள்ளன.

6. ஜனவரியில் காது கேட்கும் மையம் எங்களுக்கு இரண்டு மைக்குகளை மூன்று வாரத்துக்குக் கொடுத்தது. ஒன்றைத் தோரில் கழுத்தில் மாட்டிக்கொள்வார். அவர் பேசுவது நேராக இல்வாவின் கருவிக்குள் வரும். என் கருவியும் அதே வகை என்பதால் எனக்குள்ளும் வரும். இன்னொன்று பிள்ளைகள் கைமாற்றிக்கொள்வதற்கு. யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். அதனால் ஒரு நேரத்தில் ஒருவர் பேசும் வழக்கம் எங்கள் வகுப்பில் முதல் முறையாக வந்தது. சிந்ரேயிடம் போனால் மட்டும் திரும்பி வரத் தாமதமாகும்.

இதில் ஒரு குறையும் உண்டு. உண்மையை மறைக்கக் கூடாது என்பதால் சொல்கிறேன். தோரில் பல நாள் மைக்கை அணைக்க மறந்து ஆசிரியர் அறைக்குப் போய்விடுவார். தோரில் காபியை உறிஞ்சிக் குடிப்பார் என்பதும், ஊராட்சித் தலைவர் விழாக்களில் பாடுவதைப் பற்றி அவருடைய கருத்து என்ன என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். அந்தக் கருத்தை வெளியே சொல்வதில்லை என்று இல்வாவும் நானும் கைகொடுத்து முடிவு செய்தோம். எனவே இங்கேயும் எழுதவில்லை. இந்தப் பக்கத்தைத் திருத்தும்போதுதான் தோரிலுக்கே இது தெரிய வரும். மன்னிக்கவும், தோரில்.

ஜனவரி 29, வியாழக்கிழமை, இடைவேளை. இல்வாவும் நானும் காலணி மாட்டும் பலகையில் உட்கார்ந்திருந்தோம். நான் குனிந்து மாட்ட நேரமாகும், அவள் காத்திருப்பாள். அப்போது எங்கள் காதுக்குள் எய்வின் பேசினார். அவர் தாழ்வாரத்தின் மறுகோடியில் தோரிலின் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும்.

"இல்வா ஆகஸ்டுல இருந்து எதிர்க்கரைக்குப் போறா. அறை நல்லா இருக்குன்னு அறிக்கை வந்திடுச்சுல்ல. அப்ப கோளாறு அறையில இல்ல, பிள்ளகிட்டதான்னு ஊராட்சி சொல்லுது."

"அத அவகிட்ட யாரு சொல்றது?" என்று தோரில் கேட்டார்.

இல்வா ஒரு காலில் பூட்ஸ் மாட்டியிருந்தாள். மற்றது கையில் இருந்தது.

"யோஸ்டெய்ன், படகுல போனா வாந்தி வராம இருக்க என்ன பண்ணணும்?"

"தூரத்துல அசையாம இருக்கற ஒண்ணப் பாத்துட்டே இருக்கணும்."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு மணி நாப்பது நிமிஷம்."

"தினமும் ரெண்டு வாட்டியா?"

நான் குனிந்து என் காலணி வாரைக் கட்டினேன். அவள் மற்ற பூட்ஸையும் மாட்டிக்கொண்டு விளையாடப் போனாள். அன்று மாலையே அவளுடைய தாய் சில்யேயிடம் எய்வின் நேரில் போய்ச் சொல்லிவிட்டார் என்பதையும் நியாயமாகக் குறிப்பிட வேண்டும். மூன்று வாரம் முடிந்ததும் மைக்குகள் திரும்பிப் போயின. அறை 'மிக நன்று' என்பதால் ஊராட்சி அவற்றை வாங்கித் தரத் தேவை எழவில்லை.

7. பிப்ரவரி 13 தேதியிட்ட முடிவுக் கடிதம் இல்வாவின் பெற்றோருக்கு வந்தது. முறையிட மூன்று வாரம் அவகாசம். அவள் தந்தை எண்ணெய்த் தளத்தில் வேலையாக இருக்கிறார். சில்யே மீன் ஆலையில் அதிகாலை வேலைக்குப் போகிறவள். அவள் என்னிடம், "முப்பத்தொரு பக்கத்துக்கு நிபுணர் எழுதியிருக்காரு. நான் என்னத்த எதிர்த்து எழுதறது, யோஸ்டெய்ன்?" என்றாள்.

முப்பத்தொரு பக்கமும் நீ படித்தாயா என்று கேட்டேன். இல்லை, சுருக்கம்தான் வந்தது என்றாள். எய்வினும் சுருக்கம்தான் படித்திருந்தார். தோரிலும் அப்படியே. முடிவுக் கடிதத்தில் கையொப்பமிட்டவரும் அப்படித்தான் என்று எண்ண இடமிருக்கிறது. காரணத்தைக் கீழே காண்பீர்கள்.

நான் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய் முழு அறிக்கையையும் கேட்டேன். அங்கிருந்த பெண் நல்ல மனத்தோடுதான் சொன்னாள். "மொத்தம் முப்பத்தொரு பக்கம் இருக்கு. கடைசியில ரெண்டு வரி முடிவு இருக்கு பாரு, அத மட்டும் படிச்சாப் போதும்." எனக்கு நேரம் இருக்கிறது என்று சொல்லி வாங்கி வந்தேன்.

வீட்டில் பெர்கித் கையை நீட்டினாள். "குடு, நான் படிச்சுச் சொல்றேன்."

"வேணாம்" என்றேன்.

"உங்க அக்கா லெட்டரு வேற, இது வேற" என்றாள்.

இருந்தாலும் கொடுக்கவில்லை. ஒரு நாளைக்கு மூன்று பக்கம் வீதம் பதினொரு நாளில் படித்து முடித்தேன். கடினமான சொற்களைத் தனித் தாளில் எழுதிவைத்து மறுநாள் வகுப்பில் கேட்டேன். 'எதிரொலிக் காலம்' என்றால் என்ன என்று தோரில் அனைவருக்கும் கையைத் தட்டி விளக்கினார். அந்தப் பாடம் நன்றாக இருந்தது, ஆனால் இல்வாவுக்குக் கேட்கவில்லை.

8. ஒன்பதாம் நாள் 27ஆம் பக்கம் வந்தது. அது நான்காம் இணைப்பு. நிமிட வாரியான அளவீட்டுப் பட்டியல். அதில் உள்ளதை அப்படியே தருகிறேன்:

'நாள்: 17.09.2025, புதன்கிழமை. வகுப்பு நடவடிக்கைகளுக்கு இடையூறு நேராதபடி, மாணவர்கள் வெளியே செல்லும் நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது. அறையில் இருந்தோர்: ஒருவர் (அளவீட்டாளர்).'

'காலை 10.02: 41 டெசிபல். ஜன்னல் விளிம்பில் கடற்காகம்.'

'காலை 11.14 முதல் 11.21 வரை: 62 டெசிபல். அன்றைய மிக உயர்ந்த அளவு. காரணம்: அளவீட்டாளரின் மதிய உணவு (மொறுமொறுப்பான தட்டை ரொட்டி). இது வழக்கமான வகுப்பறை ஒலி அல்ல என்பதால் சராசரியில் சேர்க்கப்படவில்லை.'

அம்மையீர், புதன்கிழமை எங்கள் வெளிநடை நாள். மழையோ பனியோ, முழுப் பள்ளியும் காட்டுக்குப் போகும். அன்றும் மழையில் தொத்திறைச்சி சுட்டுக்கொண்டிருந்தோம். நிழற்படம் இணைத்துள்ளேன். நெருப்புக்குப் பக்கத்தில் நீல மழைக்கோட்டில் நிற்பவர் இந்த மனுதாரர்.

அளக்க வந்தவரை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகளுக்குத் தொந்தரவு தரக் கூடாது என்று நினைத்தார். எங்கள் பக்கத்தில் அப்படி நினைக்கத்தான் எல்லோரும் வளர்க்கப்படுகிறோம். நானும் அவர் இடத்தில் இருந்தால் அதையே செய்திருப்பேன். ஆனால் அவர் மறைக்காமல் எழுதி வைத்ததை யாராவது படித்திருக்க வேண்டும். ஒரு பெரிய மனிதர் தனியாக, மரியாதையாக மென்றதே 62 என்றால், பதினெட்டுப் பிள்ளைகள் அதே ரொட்டியை மெல்லும்போது எவ்வளவு என்பதை எங்கள் வகுப்பில் கணக்குப் போட முயன்றோம். ஒலியைக் கூட்டுவதற்கு வேறு முறை இருக்கிறதாம், எட்டாம் வகுப்பில்தான் வரும் என்று தோரில் சொல்லிவிட்டார்.

வெறும் அறையை அளப்பதும் ஒரு முறைதான், சுவரும் கூரையும் எப்படி என்று அதில் தெரியும் என்று ஊராட்சியில் சொன்னார்கள். சுவரைப் பொறுத்தவரை அது சரியாக இருக்கலாம். இல்வா சுவரோடு படிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோளாறு பிள்ளையிடம் என்று முடிவு செய்தவர்கள் ஒரு புதன்கிழமை எங்களோடு காட்டுக்கு வரலாம். அங்கே கூரை இல்லை, நாற்காலி இல்லை. அங்கே தோரில் கேள்வி கேட்டால் இல்வாதான் முதலில் பதில் சொல்கிறாள். பெரும்பாலும் சரியான பதில். சிந்ரே முணுமுணுத்தால் திருப்பிக் கொடுக்கிறாள். முந்தாநாள் அவன், "எனக்குக் காளானே புடிக்காது" என்றான். "காளானும் உன்னப் பத்தி அதேதான் சொல்லுச்சு" என்றாள். அவன் இரண்டு நாளாக அதற்கு மறுமொழி யோசிக்கிறான். இதுதானா கோளாறுள்ள பிள்ளை?

27ஆம் பக்கத்தைப் பெர்கித்திடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள். எதையும் விடாமல் வாய்விட்டுப் படித்தாள். பிறகு இருவரும் சில்யே வீட்டுக்குப் போனோம். சில்யே நடையிலேயே, ஈரக் கோட்டைக் கூடக் கழற்றாமல் படித்தாள். தட்டை ரொட்டி வந்த இடத்தில் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்து முடிக்க நேரமாயிற்று, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது சிரிப்பு மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை.

"எழுது, யோஸ்டெய்ன்" என்றாள். "நானும் ஒண்ணு எழுதறேன். ஆனா நீ எழுதறதுதான் நீளமா இருக்கும்."

9. நான் முறையிடலாமா என்ற கேள்வி எழுந்தது. பிப்ரவரி 27 அன்று ஊராட்சியில் விசாரித்தபோது, வகுப்பறையின் நிலை பற்றி அந்த வகுப்பின் மாணவரோ அவருடைய பாதுகாவலரோதான் முறையிட முடியும், அக்கறையுள்ள பொதுமக்கள் முறையிட இடமில்லை என்று சொன்னார்கள். வீட்டுக்கு வந்து சட்டத்தையே எடுத்துப் படித்தேன். 'மாணவர்' என்றுதான் இருக்கிறது. வயது சொல்லப்படவில்லை. இரண்டு நாள் தேடினேன்.

பதிவேட்டின் நகலை இணைத்துள்ளேன். என் பெயருக்கு நேரே இந்த ஆண்டு மூன்று நாள் வரவில்லை என்று குறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு நாள் இடுப்பு வலி. மற்ற இரண்டு நாள் வளைகுடாவில் காட் மீன் வந்திருந்தது. அதற்காகத் தலைமையாசிரியர் எனக்கு எழுத்து மூலம் கண்டனம் தெரிவித்தார். வேறு எந்த மாணவருக்கும் செய்வதைத்தான் எனக்கும் செய்தார். ஆகவே நான் மாணவர்தான் என்பதில் ஐயம் இருக்க முடியாது என்று பணிவுடன் தெரிவிக்கிறேன்.

10. எனவே நான் வேண்டுவது:

அ) இல்வாவை மாற்றும் முடிவை, மறுபடி அளந்து முடியும் வரை நிறுத்தி வைக்க வேண்டும்.

ஆ) அறையைப் பிள்ளைகள் இருக்கும் நாளில் அளக்க வேண்டும். வியாழக்கிழமை பத்தேகால் மணி ஏற்றது. வருவதை முன்கூட்டித் தெரிவிக்க வேண்டாம். எங்கள் பிள்ளைகள் விருந்தினர் முன் அடக்கமாக இருப்பார்கள், தீயணைப்பு அதிகாரி வந்த அன்று ஒரு மணி நேரம் யாரும் மூக்கு கூட உறிஞ்சவில்லை. தங்களுக்கு மட்டும் தெரிந்து, அளப்பவர் சும்மா வந்து உட்காரட்டும். பழைய அலுவலரே வந்தாலும் மகிழ்ச்சி. மதிய உணவை எங்களோடு சாப்பிடலாம்.

இ) நாற்காலிக் கால்களுக்குப் பந்தோ, சான்றிதழ் உள்ள வேறு ஏதாவதோ. எனக்குப் பந்துதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லை. கூரைக்கு ஒலியை உறிஞ்சும் பலகைகள். உலர்த்தும் அலமாரியை வேறு சுவருக்கு நகர்த்தும் வேலையை ஒட்வார் ஒரு நாளில் முடித்துவிடுவதாகச் சொல்கிறார்.

ஈ) இரண்டு மைக்குகளும் நிரந்தரமாக வேண்டும். அணைக்கும் பொறுப்பை இல்வாவிடம் கொடுப்பதாகத் தோரில் இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறார்.

உ) மேற்சொன்ன எதுவும் முடியாது என்று தாங்கள் முடிவு செய்தால், அதை மதித்து, கடைசியாக ஒன்று வேண்டுகிறேன். இல்வாவின் காதும் என் காதும் ஒரே வகை. கருவியும் ஒன்று, அறையும் ஒன்று, வரிசையும் ஒன்று. அந்த அறையில் அவளால் படிக்க முடியாது என்பது ஊராட்சியின் தீர்மானம் என்றால், அது எனக்கும் பொருந்தும். பள்ளி மாற்றப்படும் மாணவரைப் படகில் அழைத்துச் செல்வது ஊராட்சியின் கடமை என்றும் அதே சட்டத்தில் படித்தேன். ஆகவே ஆகஸ்டு முதல் பத்தொன்பதாம் எண்ணையும் அதே எதிர்க்கரைப் பள்ளிக்கு மாற்றி, காலை ஆறு ஐம்பது படகில் அவளுக்குப் பக்கத்து இருக்கைக்கு என் பெயரிலும் ஒரு பயணச் சீட்டு வழங்க வேண்டும். பெர்கித்துக்கு ஆட்சேபணை இல்லை. அவள் அதைச் சொன்ன வேகம் எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

இந்த ஐந்தாவது கோரிக்கையை இல்வாவிடம் நான் சொல்லவில்லை. தாங்களும் சொல்ல வேண்டாம். சொன்னால் அவள் போவதற்குச் சம்மதித்துவிடுவாள்.

அவகாசம் இன்றோடு முடிகிறது. இந்த மனுவை நண்பகல் படகில் நானே கொண்டுவந்து தங்கள் அலுவலகத்தில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கான சீட்டை வாங்கி, அதையும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் திரும்புவேன். தங்கள் பதில் எத்தனை பக்கமாக இருந்தாலும் சுருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: ஸ்கார்வோய்
நாள்: 06.03.2026

இப்படிக்கு, தங்கள் நடவடிக்கையை எதிர்பார்க்கும்,

(கையொப்பம்)
யோஸ்டெய்ன் ஆர்னெவிக்
மாணவர், மூன்றாம் வகுப்பு

பாதுகாவலர் கையொப்பம்: (மாணவரின் பெற்றோர் காலமாகிவிட்டதால்)
பெர்கித் ஆர்னெவிக், மனைவி. முழுவதும் படித்துப் பார்த்தேன். அக்கா கடிதங்கள் பற்றிய வரியை எடுக்கச் சொன்னேன். எடுக்க மறுத்துவிட்டார்.

இணைப்புகள்:
1. அறிக்கையின் 27ஆம் பக்கம், நகல்.
2. வருகைப் பதிவேடு, நகல்.
3. காட்டில் எடுத்த நிழற்படம், 17.09.2025.
4. இல்வாவின் தாய் சில்யே எழுதிய கடிதம், ஒரு பக்கம்.
5. மாணவி இல்வா எழுதிய கடிதம், ஒட்டி மூடியது. என்ன எழுதியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அது தங்களுக்கு எழுதப்பட்டது என்பதால், படிக்கத் தெரிந்திருந்தும் நான் படிக்கவில்லை.